அப்பாவின் ஒற்றைத் தோட்டா

மீர்ட்ரெஸ்க்,
6 மார்ச் 1994

என் அருமைத் தம்பி ரூனேவுக்கு,

அக்கா கெர்டா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பேன். அப்பாவை அடக்கம் செய்த கையோடு, கல்லறைத் தோட்டத்திலிருந்தே ரயிலுக்கு ஓடிவிட்டாய். வீட்டுப் படி ஏறவில்லை. உனக்காக எடுத்து வைத்த ரொட்டியை என் நாய் தஸ்ஸா தின்றது. அதற்காவது உடம்பில் ஒட்டட்டும்.

வீட்டைப் பற்றி அவசரமில்லை. ஆனால் அப்பாவின் துப்பாக்கி பற்றி உடனே முடிவு செய்யவேண்டும். காவல் நிலையத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. இறந்தவரின் துப்பாக்கி ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் இருக்கக்கூடாதாம். நான்கு வழிகள் போட்டிருக்கிறார்கள்: வாரிசுகளில் ஒருவர் உரிமம் எடுக்கலாம், விற்கலாம், சுட முடியாதபடி குழாயை அடைத்துச் சுவரில் மாட்டலாம், அல்லது உருக்கக் கொடுத்துவிடலாம். எதுவானாலும் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும்.

அது நல்ல துப்பாக்கி, ரூனே. வேட்டைக் குழுவில் நாங்கள் எல்லோரும் ஒரு குண்டு சுட்டபின் கையால் இழுத்துப் பூட்டி அடுத்ததை ஏற்றுகிறோம். அதில் அடுத்த குண்டு தானாகவே ஏறிக்கொள்ளும். அப்பா வாங்கி வந்த அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது நினைவிருக்கிறதா? கடைசிப் பதினாறு வருஷம் அவர் அதை ஒருமுறைகூடச் சுடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் எடுத்து, கழற்றி, எண்ணெய் போட்டு, திரும்ப வைத்துவிடுவார்.

நீ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பதில் போடு. ஊருக்குத் தபால் கொண்டுவருகிறவளே நான்தான், அதனால் கடிதம் வழியில் தொலைந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே.

உன் அக்கா,
கெர்டா


மால்மோ,
21 மார்ச் 1994

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ரொட்டிக்கு மன்னித்துக்கொள். அன்று வீட்டுக்குள் வந்திருந்தால் துப்பாக்கி இருக்கும் அந்த அலமாரியைப் பார்த்திருப்பேன். அதனால்தான் ஓடினேன்.

துப்பாக்கியை உருக்கக் கொடுத்துவிடு. விற்கவும் வேண்டாம், சுவரில் மாட்டவும் வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

இங்கே வசந்தம் வந்துவிட்டது. எனக்கு இப்போது பதினான்காம் எண் பேருந்து. துறைமுகம் வரை போய்த் திரும்பவேண்டும். வருஷாவருஷம் நீ அனுப்பும் உலர்ந்த இறைச்சியில் கடைசித் துண்டைப் போன வாரம்தான் தின்றேன். அதற்கு நான் ஒருமுறைகூட நன்றி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்புடன்,
ரூனே


மீர்ட்ரெஸ்க்,
10 ஏப்ரல் 1994

ரூனே,

உன் படிவத்தை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். நாலு வரியில் அப்பாவின் துப்பாக்கியை உருக்கச் சொல்கிறாய், அஞ்சாவது வரியில் வசந்தம் வந்துவிட்டது என்கிறாய். நன்றாக இருக்கிறதடா உன் நியாயம்! அம்மா போனபிறகு உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். என்னிடம் காரணம் சொல்லக்கூடாதா?

இன்னொன்று. அந்த இறைச்சி நான் அனுப்பியது இல்லை. அப்பா அனுப்பியது. அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால் விலாசம் மட்டும் நான் எழுதுவேன். அது என் பங்கும் இல்லை, அவர் பங்கும் இல்லை. உன் பங்கு.

வேட்டை முடிந்து பங்கு போடுவதை நீ மறந்திருக்கமாட்டாய். இறைச்சியைக் குவியல் குவியலாக வைப்பார்கள். ஹொல்கர் கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். ஒருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்க, அவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்க அப்பா விடவே இல்லை. ஹொல்கர் "ரூனே" என்பார். அப்பா கொட்டகை மூலையிலிருந்து, "இங்க இருக்கேன், அவனுக்குப் பதிலா," என்று சொல்லி எடுத்துக்கொள்வார். நான் குழுவில் சேர்ந்து ஒன்பது வருஷமாக இதைக் காதால் கேட்கிறேன்.

அப்படிப்பட்ட மனிதர் மேல் உனக்கு என்ன வன்மம்? எழுபத்தெட்டில் அவர் செய்த தப்புக்கா? கன்றோடு வந்த தாய் மானைச் சுட்டார்தான். அதற்கு அவர் பட்டது போதாதா? குழுவுக்குத் தலைவராக இருந்தவர், அன்றோடு அதை விட்டார், துப்பாக்கியையும் விட்டார். அதன்பிறகு நாயைப் பிடித்துக்கொண்டு, சுடுகிறவர்கள் பக்கம் மான் கிளப்பிவிட மட்டும்தான் போனார். அந்தக் கோபத்தில் உன்னையும் ஏதோ சொல்லி வீட்டைவிட்டு விரட்டினார் என்று நானே அவரோடு வருஷக்கணக்கில் சரியாகப் பேசாமல் இருந்தேன். என்னவென்று நீதான் சொல்லவேண்டும்.

கோபமாக,
ஆனாலும் உன் அக்காவேதான்,
கெர்டா


மால்மோ,
15 மே 1994

அன்புள்ள அக்கா,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்காமல் தபாலில் போடப்போகிறேன்.

அந்த மானைச் சுட்டது அப்பா இல்லை. நான்.

அன்று சதுப்பின் ஓரத்தில் அவருக்கு ஒதுக்கிய இடத்தில் நின்றோம். அப்பா அந்தத் துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டாதான் போடுவார். மூன்று கொள்ளும், ஆனாலும் ஒன்றுதான். காலையில் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, "நீ நில்லு, நான் காப்பி போட்டுட்டு வரேன்," என்று மரங்களுக்குப் பின்னால் போனார். எனக்குப் பத்தொன்பது வயது. அவர் முதுகு மறைந்ததும் அவர் பையிலிருந்து எடுத்து மூன்றாக நிரப்பினேன். எதற்கென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. இருக்கிறதே என்று போட்டேன்.

முதலில் கன்றுதான் வந்தது. கன்று விழுந்தபிறகுதான் தாயைச் சுடலாம், நமக்கெல்லாம் நடக்கத் தெரியும் முன்பே சொல்லிக்கொடுத்தது அது. நானும் கன்றைத்தான் குறி வைத்தேன், தப்பியது. விரல் மறுபடி இழுத்தது. மறுபடியும். மூன்றாவதைச் சுடும்போது தாய் குறுக்கே பாய்ந்து வந்துவிட்டிருந்தது. வேறு துப்பாக்கியாக இருந்தால் கையால் இழுத்துப் பூட்ட வேண்டியிருக்கும், அதற்குள் கண் பார்த்திருக்கும். எனக்கு அந்த ஒரு விநாடி கிடைக்கவில்லை. கன்று சற்றுத் தூரம் ஓடி, நின்று, தாயைத் திரும்பிப் பார்த்தது. பிறகு காட்டுக்குள் போய்விட்டது.

அப்பா ஓடிவந்தார். என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். "நீ மான் கிளப்புற வரிசைல இருந்த. புரியுதா? இங்க நிக்கவே இல்ல," என்றார். குழு வந்து சேர்ந்தபோது, "நான்தான்," என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். ஹொல்கர் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா.

அவர் என்னைத் திட்டவே இல்லை. அந்த மாதம் முழுக்க, சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்கோ," என்பார். ஒரு அறை விட்டிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்டோபரில் கிளம்பினேன்.

செப்டம்பர் வந்தால் எனக்கு அந்தக் கன்றின் ஞாபகம்தான். தாய் இல்லாமல் அந்தப் பனியில் எப்படிச் செத்திருக்கும் என்று யோசிப்பேன். இறைச்சிப் பொட்டலம் வரும். நீ அனுப்பினாய் என்று நினைத்ததால்தான் அதைத் தின்ன முடிந்தது.

இப்போது தெரிந்ததா? உருக்கிவிடு.

ரூனே


மீர்ட்ரெஸ்க்,
26 ஜூன் 1994

என் ரூனே, என் செல்லமே,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. அதைத் தபால் பையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன். நேற்று கோடைத் திருநாள். எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். உன் மேல் கோபத்தால் அல்ல. நான் செய்தது இருக்கிறது, அதைச் சொல்லப் பயந்துதான் இத்தனை நாள் எழுதவில்லை.

நீ போன அந்தக் குளிர்காலம் அப்பா வாரத்துக்கு இரண்டு தரம் பனிச்சறுக்குக் கட்டையும் கோடரியுமாகச் சதுப்புக்குப் போனார். ஆஸ்பென் மரமாகப் பார்த்து வெட்டித் தள்ளினார். அந்த மரம் அடுப்புக்கு ஆகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "ஹில்டிங்குக்கு மூளை கலங்கிப்போச்சு, விறகு எதுன்னுகூடத் தெரியல," என்று அப்பாவின் பெயரைச் சொல்லி ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வெட்டியதை அவர் வீட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை, அங்கேயே கிளையோடு போட்டுவிட்டு வந்தார்.

அவை விறகுக்கு இல்லை, ரூனே. பனியில் கால் புதைந்து மேய முடியாத அந்தக் கன்று கிளையும் பட்டையும் தின்பதற்கு.

மே மாதம் ஒருநாள் என் சமையலறை வாசலில் ஈரக் காலணியோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "கெர்டா, ரூனேக்கு எழுது. கன்னுக்குட்டி பொழச்சுக்கிச்சுன்னு எழுது. இன்னிக்குக் கண்ணால பாத்தேன்னு எழுது," என்றார். நான் அப்போது அவர் மேல் வெந்துகொண்டிருந்தேன். பிள்ளையை விரட்டிவிட்டு மான் கதை சொல்ல வந்துவிட்டார் என்று. "ஆமா, உங்க காட்டு மானுக்கெல்லாம் நான் தபால்தலை ஒட்டணுமா?" என்றேன். அந்த வாரம் உனக்கு எழுதினேன்தான், கூரைக்குச் சாயம் அடித்ததைப் பற்றி. கன்றைப் பற்றி எழுதவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, "எழுதினியா?" என்று கேட்டார். "எழுதிட்டேன்," என்று பொய் சொன்னேன். "என்ன சொன்னான்?" "ஒண்ணும் சொல்லல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் கேட்கவே இல்லை. கன்று பிழைத்தது உனக்குத் தெரியும், தெரிந்தும் நீ வரவில்லை என்று நினைத்துக்கொண்டே பதினைந்து வருஷம் இருந்திருக்கிறார். அப்படியும் உன் பங்கை எடுத்து, புகை போட்டு, காய வைத்து அனுப்பினார். ஊர் முழுக்கக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான். கொடுக்காமல் விட்டது இந்த ஒன்றுதான்.

இப்போதாவது எழுதுகிறேன். கன்று பிழைத்துவிட்டது, ரூனே. அப்பா கண்ணால் பார்த்தார்.

என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். உருக்கத்தான் வேண்டும் என்றால் நாளைக்கே கொண்டுபோகிறேன். இனி உன்னோடு வாதாடமாட்டேன்.

கெர்டா


மால்மோ,
24 ஜூலை 1994

அன்புள்ள அக்கா,

வேலைக்குக் கிளம்பும்போது உன் கடிதம் வந்தது. துறைமுகத்தில் பயணிகள் இறங்கியபின் பேருந்தில் உட்கார்ந்து படித்தேன். ஏழு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினேன். ஏறின ஒரு கிழவர் என் சிவந்த கண்களைப் பார்த்து, "யாரு தம்பி போயிட்டாங்க?" என்றார். "யாரும் போகலங்க, பொழச்சுக்கிச்சு," என்றேன். அவருக்குப் பாவம் ஒன்றும் புரியவில்லை.

உன்மேல் கோபம் வரவில்லை என்றால் பொய். இரண்டு வாரம் இருந்தது. உன்னைத் திட்டி ஒரு கடிதமே எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருந்தவளைத் திட்டியிருந்தேன். அதைச் செய்தவன் நானும்தானே. குழுவின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதனால் கிழித்துவிட்டேன். நீ அழாதே. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

என் கையெழுத்துள்ள படிவத்தை அடுப்பில் போடு. புதியதில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். உன் பெயருக்கு உரிமம் எடு. எனக்கு வேண்டாம், நான் சுடமாட்டேன். ஆனால் அவர் பதினாறு வருஷம் எண்ணெய் போட்டதை என்னால் உருக்க முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஒரே ஒரு தோட்டா போடு. அவர் போட்ட மாதிரி.

செப்டம்பர் ஐந்தாம் தேதி வேட்டை தொடங்குகிறது அல்லவா? நான்காம் தேதி ரயிலில் வருகிறேன். தஸ்ஸாவைப் பிடித்துக்கொண்டு மான் கிளப்பும் வரிசையில் நடக்கிறேன். அங்கே இருந்தேன் என்றுதானே அப்பா சொன்னார். அதற்கு முன்னால் குழுவிடம் நானே சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

உன் தம்பி,
ரூனே


மீர்ட்ரெஸ்க்,
14 ஆகஸ்ட் 1994

என் கண்ணே ரூனே,

படிவம் அடுப்பில் எரிந்தது, நின்று பார்த்தேன். உரிமத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். துப்பாக்கியைக் கழற்றி இந்த ஆகஸ்ட் எண்ணெயையும் போட்டாயிற்று. மீதித் தோட்டாக்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். ஒன்றுதான் வைத்திருக்கிறேன்.

நீ வருகிறாய் என்று ஹொல்கரிடம் சொன்னேன். உன் விஷயத்தை நான் சொல்லவில்லை, அது உன்னுடையது. அவராகவே, "மூணு வெடிச் சத்தம் கேட்டுச்சு, கெர்டா. உங்கப்பா ஒண்ணுக்கு மேல போட்டதே இல்ல. எங்களுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நேற்று சதுப்பின் ஓரத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் அப்பா அதன்பிறகு யாரையும் நிற்க விட்டதில்லை. அவர் வெட்டிய ஆஸ்பென்கள் வேரிலிருந்து நூறு நூறாக முளைத்துப் புதராக நிற்கின்றன. மான்கள் மேய்ந்து மேய்ந்து அவற்றை மேலே வளர விடவில்லை. சகதியில் புதிய தடம், ஒன்று பெரியது, பக்கத்திலேயே ஒன்று சின்னது. அங்கே நின்றால் எதிரே எதுவும் தெரியாது, சுட முடியாது. வெட்டிச் சுத்தம் செய்யலாமா என்று குழுவில் கேட்கிறார்கள். ரூனே வந்து சொல்லட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீளக் காலணி கொண்டுவா. வீட்டுப் படி ஏறு. ரொட்டியைத் தஸ்ஸாவுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் கொட்டகையில் ஹொல்கர் சுவரைப் பார்த்து நின்று உன் பெயரைச் சொல்வார். நான் வாயைத் திறக்கமாட்டேன். நீதான் சொல்லவேண்டும், இங்கே இருக்கிறேன் என்று.

வழி பார்த்திருக்கும் அக்கா,
கெர்டா