செத்த மரத்தின் பின்பக்கம்

அன்புள்ள அக்கா,

மகள் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதீர்கள், சொன்னால் கேட்க மாட்டீர்கள். நான் ஏதோ இருக்கிறேன். போனில் பேசத்தான் நினைத்தேன். இரண்டு முறை நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

நீங்கள் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. பதிவறையில் இருக்கும் நோயாளி அட்டைகளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், பிறகு மெஷினில் போட்டுத் துண்டு துண்டாக்க வேண்டும். ஐந்து மாதமாக இதுதான் என் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தட்டைக் கழுவக்கூடக் கை எழுவதில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் காகிதத்துக்கு ‘செத்த மரம்’ என்று பெயர். மெஷினில் போடுவதற்கு ‘அடக்கம்’. தினமும் காலையில் வந்து, “இன்னைக்கு எத்தனை மரம் அடக்கம்?” என்று கேட்பார்கள். பதிவறைக் கதவில் ‘சுடுகாடு’ என்று ஒட்டிவிட்டுப் போனார்கள். அதையும் காகிதத்தில்தான் அச்சடித்திருந்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. பிறகு நானே அப்படித்தான் பேச ஆரம்பித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்தோம். திரையில் பாதிக்குப் பாதி வெற்றுப் பக்கமாக வருகிறது என்று டாக்டர்கள் சலித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளர் வந்து, பின்பக்கத்தில் யாராவது ஏதாவது எழுதுவார்களா என்று என்னைத்தான் கேட்டார். “ஒண்ணும் இருக்காது சார், வெறும் பக்கந்தான்” என்றேன். அன்றிலிருந்து முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தோம். பதினோரு வருஷமாக அட்டை எடுத்துக் கொடுக்கிறேன். நம்பர் முன்பக்கத்தில் இருக்கிறது. நான் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை, கோர்ட் வாசலில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா காய்ச்சலோடு வந்தார். ஊசி போடப் போகும்போது கையை இழுத்துக்கொண்டாராம். “அந்த ஊசி எனக்கு ஆகாதுன்னு நர்ஸம்மா சிவப்பு மையில எழுதினாங்களே, பாக்கலையா?” என்று கேட்டாராம். திரையில் அப்படி எதுவும் இல்லை. அட்டையைத் தேடி என்னிடம் ஆள் வந்தது. அது அடக்கமாகிவிட்டது.

மிச்சமிருந்த அட்டைகளை அன்றைக்குத்தான் திருப்பினேன். உங்கள் கையெழுத்து. இந்த மாத்திரை ஆகாது, இந்த மருந்துக்கு மூச்சு முட்டியது, ஒருமுறை மயங்கி விழுந்தார். முன்பக்கத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் நர்ஸ்கள் எல்லோரும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

இருக்கும் அட்டைகளைத் திரும்ப ஸ்கேன் செய்கிறேன். ஆனால் இரண்டாயிரத்து அறுநூறு அட்டை போய்விட்டது. பொறுப்பாளர் நல்ல மனுஷர்தான், அவரும் பயந்துபோயிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு இருங்கள், நோயாளிகளே சொல்லிவிடுவார்கள், வெளியே தெரிந்தால் நம் இருவர் வேலையும் போய்விடும் என்கிறார். தையல்கார அம்மாவுக்கு நினைவு இருந்தது, சொன்னார். அடிபட்டு நினைவில்லாமல் வருகிறவர் எப்படிச் சொல்வார்? கம்ப்யூட்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுப்பாளர் கேட்டதற்குத் தப்பான பதில் சொன்னது நான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “உன் இஷ்டம்” என்றார். அவருக்கு வேலை இல்லாமல் ஏழு மாதமாகிறது. அந்த நிலையில் அவர் அவ்வளவு சொன்னதே பெரிது. நாளை காலை ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அந்த இரண்டாயிரத்து அறுநூறு பேரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லப் போகிறேன்.

உங்களை ஒன்று கேட்கிறேன் அக்கா. எந்த மருந்து யாருக்கு ஆகாது என்று நினைவுக்கு வருகிற வரைக்கும் எழுதி அனுப்புங்கள். பெயர் வராவிட்டால் முகம், தொழில், தெரு, எதுவாக இருந்தாலும் போதும், இங்கே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஒருவருடையது கிடைத்தாலும் ஒருவர்தானே. என்னைத் திட்டவும் செய்யுங்கள், அதைத் தனித் தாளில் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் என் பெயரைப் போட வேண்டாம். ‘பதிவறை’ என்று மட்டும் எழுதுங்கள். அப்போது அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் பிரித்துப் படிப்பார்கள்.

என்றும் உங்கள்
தங்கை