தார் நூலில் ஏறிய காரம்

பாவா,

இன்று காலை எதிர்வீட்டில் மிளகாய் வறுத்தார்கள். புகை தெருவைத் தாண்டி எங்கள் தறிக்குழி வரைக்கும் வந்து இறங்கியது. இவர் தும்மினார். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி தும்மியது. பால்காரர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக நின்று ஏழு தும்மல் தும்மிவிட்டுப் போனார். நான் மட்டும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். இன்னா சிரிப்பு என்று இவர் கேட்டார். இதெல்லாம் ஒரு காரமா என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவது என் கண் முன்னால் வந்தது என்று சொல்லாமல், ஒன்றுமில்லை என்று உள்ளே வந்துவிட்டேன்.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. உங்களோடு எனக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. அதற்கு நான் முதலிலிருந்து வர வேண்டும். குறுக்கே பேசுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு. இப்போதாவது பேசாமல் கேளுங்கள்.

அக்காவைக் கட்டிக்கொண்டு நகரியிலிருந்து திருத்தணிக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் நீங்கள். நைனாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. இரண்டு தறி இருந்தது, ஓட்ட ஆள் வேண்டும் என்றுதான் உங்களைக் கொண்டுவந்தார். நீங்கள் வந்த நேரம், உலகச் சண்டை வந்து நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது. மாதத்தில் பாதி நாள் தறி சும்மா கிடக்கும். உங்களுக்கோ சும்மா இருக்கத் தெரியாது. கொல்லையில் கத்தரி வைத்தீர்கள், புகையிலை வைத்துப் பார்த்தீர்கள். கடைசியில் மிளகாயில் வந்து விழுந்தீர்கள்.

அந்த விதை வந்த கதையை நீங்கள் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பீர்கள். ரங்கூனில் குண்டு விழுந்தபோது அங்கிருந்து நடந்தே வந்த ஒரு மனிதர், வேண்டுதலுக்கு மொட்டை போட நம் மலைக்கு வந்தார். நம் வீட்டில்தான் கூழ் குடித்தார். போகும்போது வேட்டி முனையை அவிழ்த்துப் பத்துப் பன்னிரண்டு விதையை உங்கள் கையில் போட்டார். வழியில் மலைக்காரர்கள் கொடுத்ததாம். ஒரு பழத்தைக் குழம்புச் சட்டிக்குள் முக்கி எடுத்துவிட்டால் போதும், பத்துப் பேர் சாப்பிடலாம் என்றாராம். நீங்கள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

நம் ஊர் மிளகாய் விதை பத்து நாளில் முளைத்துவிடும். இது பதினைந்து நாளாகியும் முளைக்கவில்லை. பர்மாக்காரர் கூழுக்கு விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று நைனா சொன்னார். நீங்களும் சட்டியைக் கவிழ்த்துவிடப் போனீர்கள். தண்ணி ஊத்துறது நான்தான், இன்னும் நாலு நாள் ஊத்துறேன் என்று நான் சண்டை போட்டேன். இருபத்து மூன்றாம் நாள் முளை தெரிந்தது. அதை நீங்கள் ஊருக்கெல்லாம் எப்படிச் சொன்னீர்கள்? "நான் உட்டேனா பாரு, இருபத்து மூணு நாள் காத்துகினு இருந்தேன்" என்று. சரி, போகட்டும்.

முதல் வருஷம் முருங்கை நிழலில் நான்கு செடி நின்றது. பழம், சுருங்கிப்போன தோலும் கோணல் உடம்புமாக, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் இருந்தது. மோந்து பார்த்தால் மட்டும் மாம்பழக் கடை வாசனை. இரண்டாம் வருஷம் நாம் ஒரு முட்டாள்தனம் செய்தோம். ஊசி மிளகாய், குண்டு மிளகாய், நகரியிலிருந்து உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய நீள மிளகாய் எல்லாவற்றையும் அதன் பக்கத்திலேயே வரிசையாக நட்டோம். தேனீ சும்மா இருக்குமா? அந்த விதையைப் போட்டு எடுத்தால், அடுத்த காய்ப்பு பர்மாவும் இல்லை, நகரியும் இல்லை. பழைய விதையில் நான்கைந்து மிச்சம் இருந்ததால் பிழைத்தோம். அதன் பிறகுதான் பூவுக்குப் பூ கந்தல் துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டினீர்கள். துணிக்கு ஊரே அலைந்த காலம் அது. மனுசனுக்குக் கட்டத் துணி இல்ல, மொளகாச் செடிக்குக் கோவணமா என்று அக்கா உங்களை வைதது மூன்று வீடு தள்ளிக் கேட்டது.

காரத்தை அளக்க நாம் கண்டுபிடித்த வழி எனக்கு இன்னும் பெருமைதான். ஒரு பழத்தை அரைத்து ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்குவது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இன்னொரு சொம்புத் தண்ணீரில் விடுவது. அதிலிருந்து ஒரு கரண்டி, அடுத்த சொம்பில். நாக்கில் சொட்டு விட்டுப் பார்த்து, எந்தச் சொம்பில் எரிச்சல் நிற்கிறது என்று தறிக்காலில் கரிக்கோடு போடுவது. நடுவில் வெல்லமும் சோற்றுப் பருக்கையும். ஒரு நாளைக்கு ஒரு பழம்தான், இரண்டாவது பார்த்தால் நாக்கு பொய் சொல்லும். ஊசி மிளகாய் மூன்றாம் சொம்பில் செத்தது. பர்மா ஐந்தாம் சொம்பிலும் உயிரோடு இருந்தது.

ஆனால் நாக்குதான் கிடைக்கவில்லை. உங்கள் நாக்கு வெற்றிலையும் புகையிலையும் போட்டு மரத்துப்போனது. என் நாக்கு முதல் சொம்பிலேயே அழுதுவிடும். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். தெரு ஆம்பிளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தால், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுக ஒழுக, இது இன்னா காரம், எங்கூட்டு மொளகாத் தூளே இதைவிடக் காரம் என்பார்கள். எப்படி ஏறுகிறது, எங்கே எரிகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். உள்ளதைச் சொல்ற நாக்கு ஒண்ணு குடுடா முருகா என்று மலையைப் பார்த்துக் கும்பிடுவீர்கள்.

சண்டை முடிகிற வருஷம் என்னைப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் தட்டினால் பெண்ணிடம் ஏதோ கோளாறு என்று ஊர் பேசும் என்று அம்மா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. எனக்கு வேறு கவலை. வரப்போகிறவரை ஆடிக் கிருத்திகையில் மலைப்படியில் பூக்காவடியோடு பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை மனசில் முடிந்து வைத்திருந்தேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

அன்றைக்குக் காலையில் பார்த்து, பழம் அழுகிடும் என்று பத்துப் பர்மாப் பழத்தைக் கீறி விதை எடுக்க என்னிடம் கொடுத்தவர் நீங்கள்தான் பாவா. இதை மறுக்க முடியாது. எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாம்பல், புளி, சீயக்காய் எல்லாம் போட்டுக் கையைக் கழுவினேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் வந்தார்கள், தாம்பூலம் வைத்தார்கள். பையன் நன்றாகத் தறி ஓட்டுவான் என்று அவர் அம்மா ஆரம்பித்தார். உங்களுக்கு அது போதும். ரெண்டு சாண் ஓட்டிக் காட்டட்டுமே என்றீர்கள். பொண்ணு தார் சுத்தட்டும், நாங்களும் பாக்குறோம் என்றார் அந்த அம்மா. பட்டுப்புடவையோடு ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, ஈர நூலை விரலுக்கு நடுவில் ஓடவிட்டு, சின்னக் குழல்களில் மூன்று தார் சுற்றிக் கொடுத்தேன். நூல் அறுந்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு அப்போது நினைப்பு.

தறிக்காரர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். தாரை, நூலைக் குறுக்கே இழுத்துப் போகிற நாடாக்கட்டையில் போட்டு, நாடாவின் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சி நூலை வெளியே இழுத்தார். தறி டக் டக்கென்று அழகாக ஓடியது. தார் தீர்ந்தது. இரண்டாவதைப் போட்டு மறுபடியும் உறிஞ்சினார். நான்கு விரற்கடை நெய்திருப்பார், கை நின்றது. முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. உதடு எங்கள் கண் முன்னாலேயே வீங்கியது.

அவர் அம்மா எழுந்தார். "எம்புள்ளைக்கு மருந்து வச்சுட்டீங்களா?" என்று கேட்டார். மருந்து வைத்த வீடு என்று ஒரு சொல் வெளியே போனால் அப்புறம் எனக்கு மட்டுமா, நம் வீட்டில் பிறக்கிற எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் இல்லை. நான் என் விரலைப் பார்த்தேன். நிமிர்ந்தால் நீங்களும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மருந்து இல்லீங்க, மொளகா. நாடாவுல தடவினது நான்தான். மாப்பிள்ளை கோவக்காரரான்னு பாக்கலாம்னு நெனச்சேன்" என்றீர்கள். சொன்னதோடு நில்லாமல் குழியில் குனிந்து நாடாவை வாங்கி, அவர் வாய் வைத்த இடத்திலேயே வைத்து, ஊரே கேட்கிற மாதிரி உறிஞ்சினீர்கள். நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா உங்களைத் திட்டிய திட்டு எனக்கு மனப்பாடம். இங்கே எழுதினால் தாள் கிழியும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இது நம்மூரு மொளகா இல்லீங்க" என்றார் இவர், அந்த வீங்கின வாயோடு. "வச்ச ஒடனே ஒண்ணும் தெரில. கொஞ்சம் நெய்ஞ்சப்புறம்தான் ஏறுது. ஏறினா எறங்க மாட்டேங்குது."

நீங்கள் அப்படியே குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். "நுனி நாக்குலயா, தொண்டையிலயா?"

"தொண்டையில. நுனியில வெறும் பழ வாசனதான். தாங்க முடில, கொஞ்சம் மோர் குடுங்க."

உங்கள் கண்ணிலிருந்தும் கொட்டியது. காரமா, சந்தோஷமா என்று நான் இன்றுவரைக்கும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களை மறந்துவிட்டு, தறிக்காலில் இருந்த கரிக்கோட்டையெல்லாம் அவருக்குக் காட்டி விளக்க ஆரம்பித்துவிட்டீர்கள். இரண்டு பேரும் வீங்கின உதட்டோடு ஒரே சொம்பில் மோர் குடித்ததைப் பார்த்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று இவர் சொல்லிவிட்டார். அவர் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அந்த ஆள் பந்தலில் நிற்கக் கூடாது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் முன்னால் நின்று நடத்த வேண்டியவர் நீங்கள். தெருமுனையில் நின்று மாட்டுவண்டிகளை ஒழுங்கு பண்ணினீர்கள். தாலி கட்டுகிற நேரத்தில் நான் தலையை நிமிர்த்தி வெளியே தேடினேன். ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு எட்டிப் பார்த்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த மிளகாய்க்கு நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள் என்பதை எழுத மாட்டேன். என் மாமியார் சாமியாகிவிட்டவர்.

மாதம் ஒரு தரம் பொதட்டூர்பேட்டைக்கு வருவீர்கள். மாமியார் உங்களோடு பேசவே மாட்டார், எழுந்து உள்ளே போய்விடுவார். எனக்கு வயிறு எரியும். என் கையால் வந்த வினைக்கு நீங்கள் பழி சுமக்கிறீர்களே என்று, நீங்கள் வருகிற அன்றைக்குக் கோழி அடிப்பேன். கால் இரண்டும் உங்களுக்குத்தான். இவர் தட்டில் கழுத்தும் முதுகும். நீங்களோ தட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவீர்கள். "உனக்காக நான் பட்டது அந்த முருகனுக்குத்தான் தெரியும்" என்பீர்கள். உடனே ஈரலையும் எடுத்துப் போடுவேன். இப்படியே முப்பது வருஷம்.

உங்கள் பதினாறாம் நாள் முடிந்து திருத்தணியிலிருந்து திரும்பின அன்றைக்கு, இனி மறைக்க வேண்டாம் என்று இவரிடம் சொன்னேன். அன்னைக்கு மொளகா பட்டது என் கையால, பாவா மேல ஒரு தப்பும் இல்ல என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

"ஆங், தெரியும்" என்றார் இவர்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாடாவில் தடவியிருந்தால் முதல் தாரோடு போயிருக்கும், இரண்டாவது தார் போட்டதும் இன்னும் கூடுதலாக ஏறியது, அப்படியென்றால் காரம் நூலில் இருக்கிறது, நூலைத் தொட்டது யார் என்று சாவகாசமாக விளக்கினார். இது குழியில் இருக்கும்போதே தெரியுமாம். கல்யாணத்தன்றைக்கே தெருமுனைக்குப் போய் உங்களிடம் கேட்டாராம். நீங்கள் ஒப்புக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினீர்களாம். "ஒங்கம்மா கோவம் என் மேலயே இருக்கட்டும் மாப்பிள்ளை. வூட்டுக்குள்ள அவ மேல திரும்பினா, அவ தாங்க மாட்டா" என்றீர்களாம். அதைக் கேட்டு நான் இன்னும் அழுதேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மாமியார் போனபோதாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று இவரைக் கேட்டேன். இவர் வேறு பக்கம் பார்த்தார். அப்போது சொல்லிவிடலாமா என்று உங்களைக் கேட்டாராம். "ஐயையோ, சொல்லிடாத. சொன்னா எனக்குக் கோழிக்கால் கெடைக்காது" என்றீர்களாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்!

அப்போதிலிருந்து அந்தப் பெருமூச்செல்லாம் நாடகமா பாவா? இவரும் கழுத்தைக் கடித்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? உங்களை உட்கார வைத்து, நகரித் தெலுங்கிலும் நம் தமிழிலும் மாறி மாறித் திட்ட வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவு வார்த்தை வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் போனபிறகு முதல் தரமாகக் கோழி அடித்தோம். கால் துண்டைக் கரண்டியில் எடுத்து, எந்தத் தட்டில் போடுவது என்று தெரியாமல் நின்றேன். இவர் தட்டை நீட்டினார், இனிமே எனக்குத்தானே என்றார்.

உங்களுக்குக் கிடையாது என்று இவரிடம் சொல்லி என் தட்டில் போட்டுக்கொண்டேன். முப்பது வருஷத்தில் நான் தின்ற முதல் கோழிக்கால் அதுதான். எலும்பைக் கீழே வைக்கிற வரைக்கும் உங்களைத் திட்டிக்கொண்டே தின்றேன்.