பெஞ்சில் ஓடிய ஆறு

என் மாமன் மகளே, பேச்சி,

இது என் எழுத்து. நம்பு. யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. நீ போன பிறகு முதியோர் பள்ளியில் சேர்ந்து, ஆனா ஆவன்னாவில் தொடங்கி, இப்போது பக்கம் பக்கமாக எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போகிறது. ஆறட்டும். எனக்கென்ன அவசரம்?

யாராவது ஒருவரைப் பற்றி எழுதுங்கள், பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டலாம் என்று டீச்சரம்மா சொன்னார்கள். மற்றவர்கள் சாமியைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் உன்னைப் பற்றி எழுதுகிறேன். உனக்கே எழுதுகிறேன். போகிற வருகிறவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் ஆற்றில் அங்கங்கே அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். கல்லில் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறது. அந்த எண்ணை நான் வாசித்தேன், பேச்சி! ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஆள் உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். எல்லாக் கல்லின் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து, வெள்ளம் இப்போது எங்கே வருகிறது, கீழே எப்போது வரும் என்று அங்கே பார்க்கிறார்கள். நம் துறையில் கல்லைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒன்று சொன்னான்.

"தாத்தா, மேல இருக்கிற கல்லு ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு. எப்பவுமே கூடத்தான் காட்டும். ஆபீசுல அதுக்குன்னு கொஞ்சம் கழிச்சுக்கிருவாக."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப அது புளுகாண்டிக் கல்லுன்னு சொல்லு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டாமா? சொல்லிவிடுகிறேன். மயிலாடும்பாறைக்குக் கீழே ஆற்றுத் துறையில் எங்களுக்கு ஒரு டீக்கடை இருந்தது. அப்போது பாலம் கிடையாது. அக்கரைக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் கடையில் டீ குடித்துவிட்டு, மணலில் நடந்துதான் ஆற்றைத் தாண்ட வேண்டும். வருசநாட்டு மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வந்தால் ஆள், மாடு, வண்டி என்று பார்க்காது. அதனால் இறங்குகிறவர்கள் எல்லாரும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்: "ஆத்தா, போகலாமா?"

நீ கடையை விட்டு நகர்ந்தவள் இல்லை. மலையைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. உனக்குத் தெரிந்தது மேலே இருந்து வரும் ஆட்களை. பால்காரர் சன்னாசி நெட்டை. அவருக்கு முழங்கால் தண்ணீர் என்றால் விறகு சுமக்கும் மொக்கத்தாய்க்கு இடுப்பு. பஸ் கண்டக்டர் ஓடுகிற வண்டியில் உயரத்திலிருந்து பார்க்கிறவர். அவர் கண்ணுக்குத் தண்ணீர் எப்போதும் குறைவு. ஆடு மேய்க்கும் கருப்பையாவுக்கு ஊர் வைத்த பெயரே புளுகாண்டி. வெள்ளம் ஒரு திருப்பத்துக்கு வந்தால், அதற்கு அடுத்த திருப்பத்துக்கே வந்துவிட்டது என்பான். ஒவ்வொரு வெள்ளமும் வந்து வடிந்த பிறகு, யார் சொன்னது எவ்வளவு பிசகியது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்வாய். யாரையும் நீ திருத்தியதில்லை. கேட்டதைக் கூட்டியோ கழித்தோ எடுத்துக்கொள்வாய்.

அப்புறம் அந்தப் பெஞ்சு. கடைப் பெஞ்சுதான் உனக்கு ஆறு. ஒரு முனை மலை, மறு முனை நம் துறை. அதன்மேல் இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து வைப்பாய். வெள்ளத்தின் தலை மிஞ்சிப்போனால் இதுவரை வந்திருக்கும் என்பதற்கு முன் டம்ளர். குறைந்தது இதுவரையாவது வந்திருக்கும் என்பதற்குப் பின் டம்ளர். செய்தி வராவிட்டாலும் தண்ணீர் நிற்காது அல்லவா? நேரம் போகப்போக முன்னதைக் கூடுதலாகவும் பின்னதைக் குறைவாகவும் நகர்த்துவாய். இடைவெளி அகன்றுகொண்டே போகும். கண்ணால் பார்த்த செய்தியோடு ஓர் ஆள் வந்தால் இரண்டும் நெருங்கும்.

"இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது எனக்குத் தெரியாதது மச்சான். அது குறைஞ்சாத்தான் நான் வாயத் தொறப்பேன்" என்பாய்.

அப்படித்தான் நம் மகள் தங்கத்தின் கல்யாண நாளும் விடிந்தது. மாப்பிள்ளை வீடு அக்கரையில். ஐப்பசி மாதம். மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. இங்கே சுள்ளென்று வெயில். பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளையின் பெரியப்பா ஆட்களோடு வந்திருந்தார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நீ பெஞ்சருகே நின்றாய். டம்ளர்கள் அகன்று நின்றன. முன் டம்ளர் நம் துறையை ஒட்டி இருந்தது.

"டம்ளர வச்சு சோசியம் பாக்குற சம்பந்தியம்மாவ இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் பெரியப்பா. "முகூர்த்தம் தப்பிருச்சுன்னா தாலிய அந்த டம்ளருக்கா கட்டுறது?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ மேட்டுப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பஸ் வந்தது. "மேல மூங்கில் திருப்பத்துல ஒண்ணும் இல்ல ஆத்தா" என்றார் கண்டக்டர். அதே பஸ்ஸில் வந்த நம் உறவுக்காரரும் அதையே சொன்னார். பால் கேனோடு இறங்கிய சன்னாசியும் அதையே சொன்னார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "மூணு பேரு சொல்லியாச்சு. இன்னும் என்ன?"

நீ ஒவ்வொருவரிடமும் கேட்டாய்: "நீங்க பாத்தீகளா, கேட்டீகளா?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "சன்னாசி சொன்னாரு." உறவுக்காரர், "கண்டக்டர் பஸ்ல சொல்லிக்கிட்டு வந்தாரு" என்றார். சன்னாசி மட்டும், "நான் பாத்தேன். வெள்ளன, பால் கறக்கப் போகையில" என்றார்.

"மூணு வாய் பேசுதுண்ணே. கண்ணு ஒண்ணுதான். அதுவும் வெள்ளன பாத்த கண்ணு" என்றாய் பெரியப்பாவிடம். டம்ளரைத் தொடவில்லை. தங்கம் பூவும் நகையுமாக உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தம் போனால் சம்பந்தம் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போதுதான் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு புளுகாண்டி ஓடி வந்தான்.

"ஆத்தாடி! வெள்ளம் மடுவுக்கு வந்துருச்சு! மரத்த வேரோட உருட்டிக்கிட்டு வருது!"

மடுவு என்பது நம் துறைக்கு மிக அருகில் உள்ள திருப்பம். அதற்கு மேலே அடுத்ததுதான் மூங்கில் திருப்பம். வேட்டியை மடித்துக் கட்டியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீயோ, "ஆட்ட எங்கன இறக்கி ஏத்துன கருப்பையா?" என்று கேட்டாய்.

"மடுவுலதான் ஆத்தா."

"மடுவுல மரம் உருண்டா ஒன் ஆடு பறந்தா வந்துச்சு?"

பட்டுச்சேலையோடு குனிந்து ஒரு கிடாயின் காலைத் தடவினாய். வெறும் மணல். செந்தண்ணீர் இல்லை, சேறு இல்லை. எழுந்து பெஞ்சுக்குப் போனாய். முன் டம்ளரைப் பின்னே இழுத்தாய். பின் டம்ளரை முன்னே தள்ளினாய். இரண்டும் மூங்கில் திருப்பத்துக்குச் சற்றுக் கீழே ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

"இப்பவே போகணும். பொண்ணு மொதல்ல."

பெரியப்பா துள்ளி எழுந்தார். "புளுகாண்டி பேச்சக் கேட்டுப் பொண்ண ஆத்துல இறக்குறதா? முகூர்த்தம் போனாப் போகுது!"

"இவன் என்னைக்கும் ஒரே அளவுக்குத்தான் புளுகுவாண்ணே. அளவு தெரிஞ்சிருச்சுன்னா அது புளுகே இல்ல."

கருப்பையா தன்னைப் பாராட்டுகிறாய் என்று நினைத்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். நான் உன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டேன். "பேச்சி, நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன் மச்சான். ஆனா இம்புட்டு நெருக்கமா எனக்கு என்னைக்கும் தெரிஞ்சதில்ல."

தங்கத்தின் கையை என் கையில் வைத்தாய். நீ வரவில்லையா என்றதற்கு, "ஆரு இதப் பாக்குறது? இன்னும் ஆளு வருவாக. ஏதாச்சும் மாறிச்சுன்னா எண்ணெ டின்னத் தட்டுறேன். சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காம ஓடுங்க" என்றாய்.

ஆற்றில் இறங்கினோம். பெரியப்பா சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, தெரிந்த சாமி எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் காது முழுக்க உன் பக்கமே இருந்தது. டின் சத்தம் கேட்கவில்லை. கடைசி ஆள் கரையேறி, நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மேலே இருந்து ஓர் இரைச்சல் வந்தது. பிறகு தழையும் நுரையுமாகச் செந்தண்ணீர், கரை தொட்டு வந்தது. உனக்கும் உன் மகள் கல்யாணத்துக்கும் நடுவே அது ஓடியது.

இப்படி ஆகும் என்று எப்போது தெரிந்துகொண்டாய், பேச்சி? கிடாயின் காலைத் தடவியபோதா? அல்லது காலையில் பட்டுச்சேலை கட்டும்போதேயா?

மறுநாள் ஆறு வடிந்து நான் வந்தபோது, "எப்படி நடந்துச்சு?" என்றாய். கடையில் கூட்டம். நான் சொல்லச் சொல்ல நீ டீ ஆற்றிக்கொண்டே கேட்டாய். வாயால் சொன்னது நிற்குமா? எழுத்தில் வைக்கிறேன்.

தங்கத்தைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். அங்கே கிழக்கே இருப்பது ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீ. தாலி ஏறும் நேரம் பெரியப்பா இரண்டு கையிலும் அட்சதை அள்ளினார். ஒரு கையைப் போட்டார். "இது அக்கரையில நிக்குதே எந் தங்கச்சி, அது பங்கு" என்று மறு கையையும் போட்டார். சம்பந்தியம்மா போய்த் தங்கச்சி வந்துவிட்டாள், பார்த்தாயா? போட்டுவிட்டு என் காதில், "மச்சான், ஆத்துல நான் எந்தெந்தச் சாமியக் கூப்பிட்டேன்னு ஆருகிட்டயும் சொல்லிராதீக" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இப்படி ஒருத்திக்குப் புருசன் நான் என்று அந்தப் பந்தலில் தலை நிமிர்ந்து நின்றேன். இன்றும் அப்படித்தான் நிற்கிறேன்.

தங்கம் அடுத்த மாதம் பேத்தியோடு வருகிறாள். இதை அவளுக்கு என் வாயால் வாசித்துக் காட்டுவேன். நான் எழுதியது நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தது. தலை குனிந்திருந்தவள் என்ன பார்த்தாள், ஆற்றிரைச்சலுக்கும் மேளத்துக்கும் நடுவே என்ன கேட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதற்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அவள் சொல்வதையும் இதே தாளில் என் கையால் எழுதிச் சேர்த்த பிறகுதான் இதைச் சுவரில் ஒட்ட விடுவேன். உன்மேல் சத்தியம்.

தங்கத்தின் அப்பன்,
உன் அத்தை மகன்