அப்பா தந்த உடம்பு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம்தானே? நானும் நலம் என்று எழுதக் கை போகிறது. அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து படுத்திருக்கிறேன் என்பதால் விட்டுவிடுகிறேன். இந்தச் சிகிச்சை இல்லத்தில் கொஞ்ச நாளைக்குப் போன் கிடையாது. காகிதமும் பேனாவும் தந்து, "யாருக்கு எழுதணுமோ எழுதுங்க" என்றார்கள். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது, "புகையில மயக்கம் வந்துடுச்சு" என்றேன். புகை காரணமில்லை அக்கா. மூச்சுக்கருவியில் காற்று நன்றாகவே வந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தீப்பிடித்த அந்தக் குடியிருப்பின் படி ஏறினேன். பாதி ஏறியதும் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. மேலே இரண்டு பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தூக்கப் போக வேண்டியவர் என்னைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும்படி ஆயிற்று. எங்கள் குழுவில் எல்லாரையும்விட உயரமானவர், ஏணியண்ணன் என்று கூப்பிடுவோமே, அவர்தான். அடுத்த வண்டி வந்து பிள்ளைகளை மீட்டுவிட்டது. அந்த வண்டி கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்குகிற வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

அன்று காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. முந்தின நாளும் பேருக்குத்தான். ஒரு வருஷமாகவே அப்படித்தான். எங்கள் தீயணைப்புப் பயிற்சியை யாரோ படம்பிடித்து இணையத்தில் போட்டார்களே, நினைவிருக்கிறதா? அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை நீ படித்திருக்க மாட்டாய். "ஏணி தாங்குமா?" "இந்தம்மாவக் காப்பாத்த இன்னொரு வண்டி வேணும்." நான் மனப்பாடமாகும்வரை படித்தேன். அதற்கப்புறம் தட்டின்முன் உட்கார்ந்தால் அவர்கள் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். ஸ்டேஷனில் கேட்டால் வீட்டில் சாப்பிட்டேன் என்பேன். வீட்டுக்கு வந்து கேட்டவர்களிடம் ஸ்டேஷனில் சாப்பிட்டேன் என்பேன். கடைசியில் அவர்கள் சொன்னபடி இன்னொரு வண்டி வரத்தான் வேண்டியிருந்தது. ஆனால் நான் கனமாக இருந்ததால் அல்ல.

இங்கே ஒரு ரொட்டியையும் முட்டையையும் முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடுகிறது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து சினிமாக் கதை பேசுகிறார். அழுதுகொண்டேதான் மெல்லுகிறேன். ஆனால் மெல்லுகிறேன்.

திரும்பவும் வேலைக்குப் போவேன். அதே வண்டியில். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்
சின்னு


மார்ச் 11

அன்புச் சின்னுவுக்கு அக்காவின் ஆசிகள்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர், "உங்க கண்ணுக்கு என்னம்மா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். உன்மேல் எனக்குக் கோபம். ஒரு வருஷமாக வாரா வாரம் பேசினோம். அப்படி என்னடி மறைப்பு, அதுவும் என்னிடம்?

இத்தனை வருஷமாகக் கண்ணாடிமுன் ஆட்களை உட்கார வைக்கிறேன். "மூக்கு பெருசாத் தெரியுதே", "கன்னம் உப்பியிருக்கே" என்று தன் முகத்தைத் தானே குறை சொல்லாமல் எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. விலையைக் குறை சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான். நீயும் அப்படி ஒருத்தி, கொஞ்சம் அளவு மீறிவிட்டாய் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் இளைத்தபோது நீ அழகாகத்தான் இருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அத்தான் ஒரு வழி பார்த்திருக்கிறார். அவருடைய நண்பர் உங்கள் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்து வண்டி அனுப்புகிற வேலைக்கு உன்னை மாற்றிவிட முடியுமாம். உட்கார்ந்த இடத்தில் வேலை. "படியேறுறது அவளுக்கு இனி எதுக்கு?" என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. உன்னை யாரோ தோளில் போட்டுத் தூக்கி வந்தார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சம்மதம் என்று ஒரு வரி எழுது, போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு கண்ணே.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

போன் எடுக்கிற வேலை லேசானதில்லை. அந்தக் குரல் இல்லாவிட்டால் எங்களுக்குத் தெருவே தெரியாது. ஆனால் படிக்குப் பயந்துகொண்டு நான் அந்த நாற்காலிக்குப் போகக் கூடாது. அத்தானிடம் என் நன்றியைச் சொல்லி, வேண்டாமென்று சொல்லிவிடு.

இன்னொன்று. கொஞ்சம் இளைத்தபோது அழகாக இருந்தாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று மத்தியானம் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நர்ஸ் என்னவென்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். "இத என்கிட்ட சொல்லி என்ன பண்ண? அக்காகிட்ட சொல்லுங்க" என்றார். சொல்கிறேன். நான் அழகாக இருந்த அந்த மாதங்களில்தான் எனக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. மாதவிலக்கு நின்றுபோனது. நல்ல வெயிலில் எனக்குக் குளிரும். இனிமேல் இளைத்தாய், பெருத்தாய் என்று எதுவும் என்னிடம் சொல்லாதே. பாராட்டாகக்கூட வேண்டாம். உன்னால் அது முடியாது என்றால் கொஞ்ச நாள் எனக்கு எழுதாமல் இரு. எனக்கு வலிக்கும். ஆனாலும் தட்டை முடித்துவிடுவேன்.

அப்பாவை நினைத்துப் பார். அதே அகலத் தோள்தான் நமக்கும், அதே இடுப்பும் அதே தொடையும். அவர் தெருவில் நடந்தால், "ஆளப் பாரு, என்ன கம்பீரம்" என்பார்கள். நமக்கு அந்த உடம்பு வந்தபோது, "ஐயோ பாவம், பொண்ணுங்களுக்குப் போய் அப்பா உடம்பு வந்துடுச்சே" என்றார்கள். உடம்பு ஒன்றுதானே அக்கா? அவருக்கு எப்படிக் கம்பீரமானது, நமக்கு எப்படிப் பாவமானது? நான் அதை ஒரு வருஷம் பட்டினி போட்டு விரட்டப் பார்த்தேன். இப்போது திரும்பக் கூட்டி வருகிறேன்.

பயமில்லாமல் இல்லை. கால்சட்டை இடுப்பில் இறுகிய அன்று குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பெரிய அளவில் ஒன்று வாங்கித் தரச் சொன்னேன். அதைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். உட்கார்ந்து எழுத வசதியாக இருக்கிறது.

ஜூனில் உடற்தகுதித் தேர்வு. ஆள் கனமுள்ள பொம்மையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டும்.

உன்
சின்னு


ஏப்ரல் 24

சின்னு,

நீ சொன்னபடியே எழுதாமல்தான் இருந்தேன். அம்மா இல்லாத வீட்டில் உனக்குத் தலை பின்னி வளர்த்தவளைப் பார்த்து எழுதாதே என்கிறாளே என்று பொருமிக்கொண்டிருந்தேன். "அவ கேக்குறதுல என்ன தப்பு?" என்று அத்தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவரோடும் பேச்சை நிறுத்தினேன். பாவம், வீட்டில் அவர் டிவியோடு பேசிக்கொண்டிருந்தார்.

போன வாரம் கடைக்கு விளம்பரப் படம் எடுக்க வந்தார்கள். வழக்கம்போல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். "எப்பப் பாத்தாலும் ஏன் ஒளிஞ்சுக்கறீங்க?" என்று முதலாளியம்மா கேட்டார். "நான் நின்னா இடத்த அடைக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம்தான் அப்பாவைப் பற்றி நீ எழுதியது நெஞ்சில் முட்டியது. அலமாரியை விட்டு வந்து முன்வரிசையில் நின்றேன். படம் எப்படி வந்திருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை. ஒரேயடியாக எல்லாம் என்னால் முடியாது.

அத்தானின் நண்பரிடம் நானே பேசி வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அது என்னோடு இருக்கட்டும், உனக்கு அனுப்பவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். அதற்கும் தடை போட்டுவிடாதே.

உன் அக்கா


ஆகஸ்ட் 9

என் அன்பு அக்காவுக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இது எழுத வேண்டிய விஷயம் என்று தோன்றியது.

ஜூன் தேர்வில் கடைசிப் படிகளில் பொம்மையைக் கீழே விட்டுத் தோற்றேன் என்று சொன்ன அன்று, "சரி, சாப்பிட்டியா?" என்றாய். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. நீ கேட்டுவிட்டாயே என்று போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜூலையில் பொம்மையைக் கீழேவரை கொண்டுவந்து சேர்த்தேன். அதெல்லாம் உனக்குத் தெரியும்.

நேற்று நடந்ததுதான் தெரியாது. ஒரு மாடி வீட்டில் மின்கம்பி தீப்பிடித்துப் புகை. உள்ளறைக் கட்டிலில் ஒரு அம்மா, முழங்காலில் கட்டு, எழுந்து நடக்க முடியாது. நம்மைவிடப் பெரிய உடம்பு. என்னைப் பார்த்ததும், "நீங்க போங்கம்மா. நான் ரொம்பக் கனம். நாலு ஆம்பளைங்க வரட்டும்" என்றார். புகை தலைக்குமேல் இறங்கிக்கொண்டிருக்கிறது அக்கா. அவர் தன் எடைக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

"கழுத்தக் கட்டிக்கோங்க" என்று முகமூடிக்குள்ளிருந்து கத்தினேன். நான் தோள்பக்கம், ஏணியண்ணன் கால்பக்கம். ஒவ்வொரு படியிலும் அவர், "மன்னிச்சுக்கோம்மா, மன்னிச்சுக்கோம்மா" என்று இருமலோடு சொல்லிக்கொண்டே வந்தார். என் தொடை நடுங்கியது. ஆனால் நின்றது.

கீழே வந்து தெருவோரம் உட்கார வைத்துவிட்டு முகமூடியைக் கழற்றினேன். அவர் மறுபடி ஆரம்பித்தார். "அம்மா, உயிரோட வெளிய வந்ததுக்கு யாராவது மன்னிப்பு கேப்பாங்களா?" என்றேன்.

"இல்லம்மா, என் உடம்பு அப்படி..."

"கனமான உடம்புதான். என்னோடதும்தான். அதுக்காக உள்ளயே விட்டுட்டு வர முடியுமா?"

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவருக்குச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன் அக்கா. எத்தனை பேர் எத்தனை விதமாக எனக்குச் சொல்லிப் பார்த்தார்கள். அதுவரை உள்ளே இறங்கவே இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சில காலைகளில் உடை மாற்றும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனால் அந்தக் காலைகளிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

நேற்று ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது மேஜையில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. "இரு, சூடு பண்ணித் தர்றேன்" என்று ஏணியண்ணன் பாத்திரத்தை எடுத்தார்.

"வேணாம்ணே, வைங்க. பசிக்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அக்கா, எனக்குப் பசித்தது.

உன்
சின்னு