பஜ்ஜி சுற்றி வந்த செய்தி

என் பிரியமான அப்பா,

மேடவாக்கத்தில் காலையிலேயே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. அம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். ஆமாம் அப்பா, அம்மா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள்.

நம் குடும்பமே சேர்ந்திருந்த அஸ்தினாபுரத்துத் தியான மையத்தின் விதிகள் உங்களுக்குத் தெரியாததா? செய்தித்தாள், டிவி கூடாது; வெளிச்செய்தி மனத்தை அழுக்காக்கும். மையத்தை விட்டுப் போனவர்களோடு பேசக் கூடாது. அவர்கள் ஏன் போனார்கள் என்று ஒருநாள் கேட்டேன். அதற்கே நானும் போனவளாகிவிட்டேன்.

நீங்கள் எதையும் எதிர்த்துப் பேசியதில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, பழைய பேப்பரில் சுற்றிய பஜ்ஜியோடு வருவீர்கள். பஜ்ஜியை எங்களிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய் ஊறிய தாளை ஜன்னலோரம் பிடித்துப் படிப்பீர்கள். யார் ஜெயித்தார்கள் என்ற இடத்தில் சரியாகக் கிழிந்திருக்கும். "நான் பஜ்ஜிதானேம்மா வாங்கினேன், பேப்பரா வாங்கினேன்?" என்பீர்கள்.

நான் வெளியேறிய பிறகு ஸ்டேஷனிலிருந்து நீங்கள் மட்டும் போன் செய்வீர்கள். அம்மா பேசவில்லை. உங்கள் காரியத்துக்கு வந்த என்னை மையத்துக்காரர் நம் வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். "விலகினவங்க உள்ள வரக் கூடாதும்மா. உள்ள இருக்கறவங்க மனசு கலங்கிடும்." உள்ளே நின்ற அம்மா வெளியே வரவில்லை. அவளையும் இழந்துவிட்டேன் என்றுதான் திரும்பினேன்.

சில வாரம் கழித்துப் போன் வந்தது. "நான்தான்டி. ஆட்டோ புடிச்சு வரட்டுமா, இல்ல நீ வர்றியா?"

இன்றும் விடிகாலையில் தியானத்தில் உட்காருகிறாள். "அதான் வந்துட்டியே, இன்னும் எதுக்கும்மா?" என்றேன்.

"கண்ண மூடுறது என்னோடது. காத மூடச் சொன்னதுதான் அவங்களோடது."

குரு, சடங்கு, கூட்டம், நம்பிக்கை எல்லாம் அங்கேயும் இருந்தன. அப்படியானால் அதுவும் மதம்தானா? அம்மா தன்னோடு எடுத்து வந்ததுதான் மதமா? நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஆனால் பேப்பரை மட்டும் அவள் தொடவில்லை. டீபாயில் கிடந்தால் ஒதுங்கிப் போவாள். நேற்று பஜ்ஜி வாங்கினேன். இப்போது கடையில் வெள்ளைத் தாளில் தருகிறார்கள். லிஃப்ட் பக்கத்தில் நின்று, அன்றைய பேப்பரில் ஒரு தாளைப் பிரித்து அதில் மாற்றிச் சுற்றினேன்.

அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். தாளை மடியில் வைத்து நீவினாள். தேதியைப் பார்த்தாள்.

"எந்தக் கடைக்காரன்டி இன்னிக்கிப் பேப்பர்ல சுத்துறான்? உங்கப்பா கொண்டு வர்றது எப்பவும் பழசாத்தான் இருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவர் அந்தப் பக்கம் போனதும் நானும் படிப்பேன்."

உங்களுக்குத் தெரியுமா அப்பா இது? ஒரே வீட்டில், ஒரே தாளை, ஒருவர் பின் ஒருவராக. நாங்கள் இருவரும் சிரித்து ஓய்ந்தபோது அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தாள். செய்தி பாதியில் நின்றிருந்தது.

"மீதிப் பக்கம் எங்கடி?"

எடுத்துக் கொடுத்தேன். இனி அவளுக்குக் கிழியாத பேப்பர்தான், அப்பா. பஜ்ஜியும் தனியாக உண்டு.

வாசலில் நிற்காத உங்கள் மகள்,
விஜி