பின்கட்டு அறைக்கு இன்னொரு நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

கல்லூரி விண்ணப்பத்தில் நீங்கள் சொன்ன மேல்நாட்டு மருத்துவத்தை விட்டுவிட்டு, சீன மருத்துவத்தையே எழுதினேன். அறைத்தோழி சியூமான் சிரித்தாள்.

“எங்கம்மா எட்டு வருஷம் படிச்சு சர்ஜன் ஆனாங்க. உங்கப்பா நாக்கைப் பாத்து வேர் குடுக்கிறவர்தானே?”

“குருகிட்ட ஒம்பது வருஷம் இருந்தாருடி. அப்புறம் பரீட்சை எழுதித்தான் உரிமம் வாங்கினாரு. எது அதிகம், நீயே சொல்லு!”

ஞாயிறன்று சியூமானைப் பார்க்க வந்த அவள் அம்மா இதைக் கேட்டு, என்னிடம் கையை நீட்டினார். “எங்கே, நாடி பாரு.”

பதற்றத்தில் முதலுதவி வகுப்பில் செய்வதுபோல் இரண்டு விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“கடிகாரம் எதுக்கும்மா? மூணு விரல் வை. என் தோள்வலிக்கு மருந்து குடுக்கிற சீன வைத்தியர் அப்படித்தான் பாப்பாரு.”

சியூமான் தன் கையையும் நீட்டினாள்.

மருத்துவமனையில் உங்களுக்குப் பின்கட்டு அறை கொடுத்து ஒதுக்கியிருப்பதால்தான் என்னை வேறு படிப்புக்கு அனுப்பப் பார்த்தீர்கள், தெரியும். அங்கே இன்னொரு நாற்காலிக்கு இடமிருக்கும். விண்ணப்பத்தை இன்று கொடுத்துவிட்டேன்.

உங்கள் நாடிப் புத்தகத்தைப் பழைய அங்கியில் சுற்றி அனுப்புங்கள். அங்கியைத் துவைக்க வேண்டாம், கஷாய வாசனை போய்விடும். கோபமென்றாலும் பதில்…

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ருவோலான்