வெளியே போன புத்தகம்

14 அக்டோபர் 2008, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அஞ்சல்வழி எம்.ஏ. பரீட்சை. பாடப்புத்தகம் ஆரணியில் எந்தக் கடையிலும் இல்லை. நூலகத்துக் கம்ப்யூட்டர் பட்டியலில் அது மின்நூலாக இருப்பதாகக் கேள்விப்பட்டு இன்று மாலை போனேன். நூலகர் திறந்தே காட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"பென்டிரைவ்ல போட்டுத் தர்றீங்களா சார்?"

ரிஜிஸ்டரைப் புரட்டினார். "புக்கு வெளிய போயிருக்குதும்மா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சி.டி.யில எடுத்துகினு போயிருக்காரு."

"இதோ கண்ணெதிர்ல இருக்குதே சார்!"

"கம்ப்யூட்டர்ல இருக்குது. ரிஜிஸ்டர்ல இல்லியே. ஒரு புக்கை ரெண்டு பேருக்கு எப்படிம்மா தர்றது?"

"அவரு வீட்ல கம்ப்யூட்டரே கிடையாதே."

"வாங்குனா படிப்பாரு. நீங்க ஏன் பேஜார் பண்றீங்க?"

இந்த மூளைக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, தூசி படாமலிருக்க அதற்கு உறையும் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஹெட்மாஸ்டர் அந்த சி.டி.யை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார். வேறு யாராவது படித்துவிட்டால்?

பிறகு நூலகர் டீ குடிக்கப் போனார். கால் மணி நேரம் நான் தனியாக இருந்தேன். புத்தகம் திரையில் திறந்தபடியே இருந்தது. பென்டிரைவ் என் கைப்பையில் இருந்தது. நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். அலுவலகத்தில் தினமும் செய்கிற வேலைதான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்ததும் எழுந்து நின்றேன். ஹெட்மாஸ்டர் திருப்பிக் கொடுத்தால் அடுத்தது எனக்கு என்று ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினார். "ரொம்ப நன்றி சார்" என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.